வீட்டு ஏசியை மாற்றும்போது அளவைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த ஏசி நின்றுவிட்டால், புதியதை வாங்கும்போது எழும் முதல் கேள்வி "எத்தனை டன்?" என்பதாகும். பெரும்பாலான வீடுகளில் இதற்கு இரண்டு விடைகளில் ஒன்றே கிடைக்கிறது. பழையது 1.5 டன் என்றால் புதியதும் 1.5 டன், பழையது போதவில்லை என்று தோன்றியிருந்தால் 2 டன். இரண்டுமே அறையைப் பார்க்காமல் எடுக்கும் முடிவுகள். ஏசியின் அளவு, அறைக்குள் வெப்பம் எந்த வழியாக, எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய காவிரிப் படுகை மாவட்டங்களில் வெப்பத்தோடு ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்குவது, சிறிய ஏசி வாங்குவதைப் போலவே தவறாக முடியும். அந்தத் தவறைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அது தொடர்ந்து நடந்துகொண்டும் இருக்கிறது.

டன் என்றால் என்ன?

1.5 டன் ஏசி என்றால் அதன் எடை 1,500 கிலோ என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. அப்படி நினைப்பதில் வியப்பில்லை. டன் என்பது எடையின் அலகுதான். குளிரூட்டும் தொழிலுக்குள் அது பனிக்கட்டியின் வழியாக நுழைந்தது. இயந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியிலுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலில் ஏற்றி விற்றார்கள். 1833-இல் இந்தப் பனிக்கட்டி கல்கத்தாவுக்கு வந்தது. சென்னையில் அதைச் சேமிக்க 1842-இல் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லமாக இருந்தாலும் அந்தப் பகுதியின் பேச்சுவழக்குப் பெயர் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

பிறகு இயந்திரங்கள் வந்தபோது, அவற்றின் திறனைப் பனிக்கட்டியோடு ஒப்பிட்டுச் சொல்வதே வாங்குபவருக்குப் புரிந்தது. ஒரு டன் (அமெரிக்க டன், ஏறத்தாழ 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் முழுவதும் உருகும்போது சுற்றுப்புறத்திலிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றும் இயந்திரம் 1 டன் இயந்திரம் ஆகும். ஒரு கிலோ பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பம் தேவை. 907-ஐ 334-ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால் சுமார் 3.5 கிலோவாட் கிடைக்கும். துல்லியமான மதிப்பு 3,517 வாட். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

இந்த 3,517 வாட் என்பது அறையிலிருந்து வெளியேற்றப்படும் வெப்பத்தின் அளவு. ஏசி இழுக்கும் மின்சாரத்தின் அளவு அன்று. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இறைப்பதே ஏசியின் வேலை. எனவே அதற்குச் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கும். நீர் இறைக்கும் மோட்டாரை நன்கு அறிந்த டெல்டா மக்களுக்கு இந்த ஒப்புமை எளிதில் விளங்கும்.

பழைய ஏசி சொல்லாதவை

பழைய ஏசியின் மேல் ஒட்டியிருக்கும் 1.5 டன் என்ற எண், அது வாங்கப்பட்ட நாளில் கடையில் எது இருப்பில் இருந்தது, கடைக்காரர் எதைச் சொன்னார் என்பதைக் காட்டலாம். அறைக்கு எது தேவை என்பதை அது காட்டாது. அன்றே யாரும் கணக்கிட்டிருக்க மாட்டார்கள். கணக்கிட்டிருந்தாலும் வீடு அதற்குள் மாறியிருக்கும். மொட்டை மாடியாக இருந்த இடத்தில் மகனுக்கு ஓர் அறை எழுந்திருக்கும். அப்போது கீழ் அறையின் கூரையில் நேரடி வெயில் விழாது, தேவை குறையும். மரச்சன்னலை எடுத்துவிட்டு அகலமான கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தால் தேவை கூடும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பகுதிகளில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வீட்டைச் சுற்றி நின்ற தென்னையும் மாவும் போன பிறகு, அதுவரை நிழலில் இருந்த மேற்குச் சுவர்கள் மாலை வெயிலை முழுவதுமாக வாங்கத் தொடங்கின. அந்த வீடுகளில் ஏசிக்குள்ள சுமை, ஏசியில் எந்த மாற்றமும் இல்லாமலே கூடிவிட்டது.

"பழையது போதவில்லை" என்ற முடிவையும் சோதித்துப் பார்த்தாக வேண்டும். தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் வைக்கோல் தூசு ஊரையே மூடும். நெல் அரவை ஆலைகளுக்கு அருகிலுள்ள தெருக்களில் உமியும் உமிச்சாம்பலும் ஆண்டு முழுவதும் படியும். இந்தத் தூசு வெளி அலகின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேற வழியின்றி ஏசி திணறும். உள் அலகின் வடிகட்டி அடைபட்டாலும் இதே கதிதான். வாயுக் கசிவு இருந்தாலும் குளிர்ச்சி குறையும். இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றால் ஓய்ந்த 1 டன் ஏசியைப் பார்த்து, "1 டன் போதாது" என்று முடிவு கட்டி 2 டன் வாங்கிய வீடுகள் ஏராளம். நோயை விட்டுவிட்டு நோயாளியை மாற்றியது போன்ற காரியம் இது.

டெல்டாவின் இரண்டு வெக்கைகள்

டெல்டாவில் வெக்கை ஆண்டுக்கு இரண்டு முறை, இரண்டு விதமாக வருகிறது. சித்திரையிலும் வைகாசியிலும், கத்திரி வெயில் எனப்படும் அக்னி நட்சத்திர நாட்களில், தஞ்சாவூரில் பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கு அருகில் நிற்கும். சில நாட்களில் 40-ஐத் தொடும். அப்போது வயல்கள் பெரும்பாலும் தரிசாகக் கிடக்கும். வெயில்தான் பகை.

மரபாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டு, நீர் கல்லணை வழியாக ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பாய்ந்த பிறகு நிலைமை மாறுகிறது. குறுவையும் சம்பாவும் நின்று வளரும் மாதங்களில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீர் நிற்கும் வயல்கள். புரட்டாசி, ஐப்பசியில் வெப்பமானி 30 டிகிரியைக் காட்டும்போதும் உடம்பில் வியர்வை வற்றாது. இதைத்தான் மக்கள் புழுக்கம் என்கிறார்கள். வெப்பமானியில் இல்லாத துன்பம் இது. காற்றிலுள்ள நீராவி வியர்வையை ஆவியாக விடாததால் வருவது.

ஏசி இந்த இரண்டையும் கையாள வேண்டும். உண்மையில் அந்தக் கருவி பிறந்ததே இரண்டாவது வேலைக்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரக் காற்றால் தாள் சுருங்கியும் விரிந்தும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த அமைப்பே இன்றைய ஏசியின் முன்னோடி. குளிர்ந்த சுருளின் மீது ஈரக் காற்று படும்போது, குளிர்ந்த சொம்பின் வெளிப்புறத்தில் நீர் முத்து முத்தாகப் படிவதைப் போல நீராவி நீராகிச் சொட்டுகிறது. நீராவி நீராகும்போது விடும் உள்ளுறை வெப்பத்தையும் ஏசிதான் சுமக்க வேண்டும். வெப்பநிலையைக் குறைப்பதற்கான உழைப்பு ஒன்று, நீரைப் பிழிவதற்கான உழைப்பு மற்றொன்று. ஏசியின் டன் கணக்கில் இரண்டும் அடங்கும்.

அளவு மிகுந்தால்

அறைக்கு 1 டன் தேவைப்படும் இடத்தில் 2 டன் பொருத்தினால் அறை விரைவில் குளிரும். வாங்கியவருக்கு முதல் நாள் பெருமகிழ்ச்சி. ஆனால் ஏசியை நிறுத்தி ஓட்டுவது வெப்பநிலை உணரி. ஈரப்பதம் அதற்குத் தெரியாது. சில நிமிடங்களில் காற்று குறித்த அளவுக்குக் குளிர்ந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். சுருளின் மேல் படிந்த நீர் சொட்டி வடிகுழாய்க்குப் போவதற்குக் கூட நேரம் இராது. கம்ப்ரசர் நின்ற பிறகும் உள் விசிறி சுழலும். அந்தக் காற்றில் சுருளின் ஈரம் மறுபடியும் ஆவியாகி அறைக்கே திரும்பும். மீண்டும் சில நிமிடம் ஓட்டம், மீண்டும் நிறுத்தம். அறை சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுக்கும்.

அப்போது வீட்டினர் செய்வது என்ன? 24-இலிருந்து 20-க்கும், 20-இலிருந்து 18-க்கும் இறக்குவார்கள். குளிர் தாங்காமல் போர்வையைப் போர்த்திக்கொள்வார்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் மின்சாரத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. இறக்கினால் அதே கணக்கு எதிர்த்திசையில் ஓடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது; 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறி, கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து விலை உயரும். ஆகவே ஏசியால் கூடும் கடைசி 50 யூனிட்டுக்கு, அந்த 50 யூனிட்டின் விலையை விட மிகுதியாகவே கட்ட நேரிடும். ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அன்று.

அடிக்கடி நின்று ஓடுவதால் கம்ப்ரசரின் ஆயுளும் குறைகிறது. ஈரம் தங்கும் அறையில் அலமாரிக்குள் இருக்கும் பட்டுப் புடவையிலும் புத்தகத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். தஞ்சாவூர் ஓவியம் மாட்டிய அறைகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மரப்பலகையின் மேல் சுண்ணப்பொடியும் பசையும் பூசி எழுப்பிய அந்த ஓவியத்துக்கு ஈரம் ஆகாது.

குளிர்நாடுகளில் இதே தவறு வேறு உருவில் நடக்கிறது. கனடாவில் வாழும் தமிழர் வீடுகளில் நிலவறையில் ஃபர்னஸ் எனப்படும் எரிவாயுச் சூடேற்றி இருக்கும். அதை மாற்றும்போதும் "பழைய அளவே போடு, முடிந்தால் கொஞ்சம் பெரிதாகப் போடு" என்பதே வழக்கமான பேச்சு. அங்கும் பெரிய சூடேற்றி நிமிடக் கணக்கில் எரிந்து அணையும். ஓர் அறை கொதிக்க, இன்னோர் அறை குளிரும். வட அமெரிக்காவில் இதைத் தவிர்க்க 'மேனுவல் ஜே' என்ற முறைப்படி வீட்டின் வெப்பச் சுமையை அறை அறையாகக் கணக்கிடுகிறார்கள். அதே வகைக் கணக்கைத் தஞ்சாவூர் அறை ஒன்றுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

ஓர் அறையின் கணக்கு

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மேல்தளத்தில் 12 அடிக்கு 12 அடி படுக்கையறை, உயரம் 10 அடி. மேற்கும் தெற்கும் வெளிச்சுவர்கள். 9 அங்குலச் செங்கல் சுவர். மேற்கில் ஒன்றரைச் சதுர மீட்டர் கண்ணாடிச் சன்னல், உள்ளே திரைச்சீலை. மேலே காங்கிரீட் கூரை, அதன்மேல் வேறு எதுவும் இல்லை. மே மாத மாலை 4 மணி. வெளியே 38 டிகிரி. உள்ளே 26 டிகிரி வேண்டும்.

ஒரு பரப்பின் வழியாக வரும் வெப்பத்தை அறிய, பரப்பளவையும், அந்தப் பொருள் வெப்பத்தைக் கடத்தும் எண்ணையும், வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்கினால் போதும். கூரையின் பரப்பு 13.4 சதுர மீட்டர். வெற்றுக் காங்கிரீட் கூரையின் கடத்தும் எண் ஏறத்தாழ 3.3. வெளிக்காற்றுக்கும் அறைக்கும் 12 டிகிரிதான் வேறுபாடு என்றாலும், நாள் முழுதும் வெயில் குடித்த கூரைக்கு அதைக் கூட்டி 22 என்று வைப்பது பொருந்தும். பெருக்கினால் சுமார் 970 வாட். கூரை ஒன்று மட்டும் ஆயிரம் வாட் ஹீட்டரைத் தலைக்கு மேல் எரியவிட்டதற்குச் சமம்.

மேற்குச் சுவர் சுமார் 360 வாட், தெற்குச் சுவர் 280, உள்சுவர்களும் தரையும் சேர்ந்து 300. சன்னலின் வழியாக, கண்ணாடி கடத்துவதும் நேரே நுழையும் வெயிலும் சேர்த்து 510 வாட். ஒன்றரைச் சதுர மீட்டர் சன்னல் அதைப் போல ஆறு மடங்கு பெரிய சுவரை விட மிகுதியாக வெப்பம் தருவதைக் காணலாம். அறையில் இருவர் இருந்தால் 200 வாட். விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சிக்கு 150. கதவிடுக்கில் நுழையும் வெளிக்காற்று, அதன் ஈரத்தோடு சேர்த்து, 330. மொத்தம் 3,100 வாட். டன் கணக்கில் 0.88.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது தரும் திறனைத்தான் ஏசியின் மேல் குறிப்பிடுகிறார்கள். 38, 40 டிகிரியில் அது ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை குறையலாம். அதைக் கழித்தாலும் இந்த அறைக்கு 1 டன் ஏசி போதும். ஆண்டின் கடுமையான மாலைப்பொழுதில் மட்டும் நிற்காமல் ஓடும். கடைகளில் புழங்கும் பொதுக்கணக்கு 120 சதுர அடி வரை 1 டன், அதற்கு மேல் 180 வரை 1.5 டன் என்கிறது. 144 சதுர அடி கொண்ட இந்த அறைக்கு அந்தக் கணக்குப்படி 1.5 டன் வந்து சேரும்.

அதே வீட்டில் நேர் கீழே, அதே நீள அகலம் கொண்ட அறையை எடுத்துக்கொண்டால் கூரையின் 970 வாட் சுமார் 200 ஆகக் குறைகிறது. மொத்தம் 2,330 வாட், அதாவது 0.66 டன். 0.8 டன் ஏசி தாராளம். சதுர அடிக் கணக்கு மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் ஒரே விடை சொல்கிறது. வெயிலுக்கு அப்படித் தோன்றுவதில்லை.

இப்போது அதே மேல் அறையை ஐப்பசி இரவில் பார்க்க வேண்டும். வெளியே 27 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு அருகில். கூரையும் சுவரும் மழையில் நனைந்து ஆறிக் கிடக்கின்றன. மொத்தச் சுமை 700 வாட்டுக்கு மேல் போகாது. அதில் ஏறத்தாழப் பாதி ஈரத்தால் வருவது. நிலையான வேகத்தில் ஓடும் 1.5 டன் ஏசி இந்த 700 வாட்டை அகற்ற மணிக்கு எட்டு நிமிடம் ஓடினால் போதும். மீதி ஐம்பத்திரண்டு நிமிடமும் அறையில் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும். டெல்டாவில் ஆண்டின் பல மாதங்கள் இப்படிப்பட்ட இரவுகள்தாம். கத்திரி வெயிலின் மாலைகள் சில வாரங்களே.

இந்த எண்கள் எல்லா அறைக்கும் அப்படியே பொருந்தா. நாட்டு ஓடு வேய்ந்த, முற்றமும் தாழ்வாரமும் கொண்ட பழைய வீடுகளில் ஓட்டு இடுக்கு வழியாகக் காற்று போய்வந்தபடி இருக்கும். அங்கே அடைப்புக் கூரை இல்லாமல் ஏசி வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதற்கு ஒப்பாகும். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மெத்தை வீடுகளில் நிலைமை நேர் மாறானது. அந்தத் தடித்த கூரையும் ஒன்றரை அடிச் சுவரும் வெயிலை மெதுவாகவே உள்ளே விடும். 1 டன்னுக்கும் குறைவாகவே பல அறைகளுக்குப் போதும்.

கூரைக்கு முதலில் செலவிடுதல்

மேலே உள்ள கணக்கு ஏசி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலையையும் காட்டிவிடுகிறது. வீடுகளுக்காக எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பு, கூரையின் கடத்தும் எண் 1.2-க்கு மேல் போகக் கூடாது என்கிறது. வெற்றுக் காங்கிரீட்டின் 3.3-ஐ இந்த அளவுக்குக் கொண்டுவந்தால் மேல் அறையின் கூரை வெப்பம் 970-இலிருந்து 350 வாட்டாகும். மொத்தச் சுமை 0.7 டன்னுக்கு இறங்கும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போடும் சுருக்கித் தளம், அதன்மேல் தட்டோடு என்பது தமிழ்நாட்டின் பழைய வழி. நன்கு செய்தால் வெப்பமும் குறையும், ஒழுகலும் நிற்கும். ஆனால் அது மட்டும் 1.2-ஐ எட்டாது, அடியில் வெப்பத்தடுப்புப் பலகையும் வேண்டும். கோடைக்கு முன் மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் உதவி. மாடியில் கீற்றுப் பந்தல் போடுவதும் டெல்டாவில் வழக்கம். நிழலுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை, தீப்பொறி படாமல் காப்பது மட்டும் கவலை. மேற்குச் சன்னலுக்குத் திரையை உள்ளே போடுவதை விட வெளியே தட்டியோ மூங்கில் திரையோ கட்டுவது பல மடங்கு பயன் தரும், ஏனெனில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயில் வந்ததுதான்.

ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து அரை டன் பெரிய ஏசி வாங்குவதை விட, அந்தப் பணத்தைக் கூரைக்குச் செலவிடுவது அறிவுடைமை. மின்சாரம் நின்ற இரவிலும் கூரை வேலை செய்யும்.

லேபிளைப் படித்தல்

கடையில் 1.5 டன் என்று எழுதி விற்கும் எல்லா ஏசியும் ஒரே திறன் உடையவை அல்ல. சில 4,800 வாட்டுக்கு அருகில் இருக்கும், சில 5,200-ஐத் தாண்டும். நட்சத்திரக் குறியுள்ள லேபிளில் குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சாகியிருக்கும். டன்னை விட்டுவிட்டு அதைப் படிக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் முழுத் திறன், பாதித் திறன் என இரண்டும் இருக்கும். லேபிளிலுள்ள ஆண்டு மின்பயன்பாடு 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் 200 நாட்களில் அந்த அளவு வந்துவிடும் என்பதை நினைவில் கொண்டு, தம் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளலாம்.

இன்வெர்ட்டர் என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. மின்தடையின்போது விளக்கு எரிய உதவும் பேட்டரிப் பெட்டியையும் மக்கள் இன்வெர்ட்டர் என்றே அழைக்கிறார்கள். இன்வெர்ட்டர் ஏசி மின்தடையில் ஓடாது. அதன் சிறப்பு, கம்ப்ரசரின் வேகம் கூடவும் குறையவும் முடிவது. "இன்வெர்ட்டர்தானே, பெரிதாக வாங்கினாலும் தானே குறைத்துக்கொள்ளும்" என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. வேகத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், முழுத் திறனில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே பலவற்றால் இறங்க முடியும். 1 டன் இன்வெர்ட்டர் ஆயிரம் வாட் வரை இறங்கி, அந்த ஐப்பசி இரவில் மணிக்கு நாற்பது நிமிடம் மெல்ல ஓடும். 1.5 டன் இறங்கும் எல்லை அதைவிட உயரம் என்பதால் முப்பது நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடும். இரண்டுமே பழைய வகையை விட மேல். ஆனாலும் சிறியதே ஈரத்தை நன்றாகப் பிழியும்.

கணக்கின்படி 0.9 டன் வந்து, கடையில் 1 டன்னும் 1.5 டன்னும் மட்டுமே இருந்தால் 1 டன் எடுக்கலாம். 1.15 வந்தால்? கூரைக்கோ சன்னலுக்கோ ஏதேனும் செய்து 1-க்குள் கொண்டுவர முடியுமா என்று பார்ப்பது முதல் வேலை. முடியாதபோது மட்டும் பெரியது. சற்றே சிறிய ஏசியோடு கூரை விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் 26 டிகிரியே 24 போல இதமாக இருக்கும். ஆனால் தேவையில் பாதி கூட இல்லாத ஏசியை வாங்கிவிட்டு, அது பகலிரவாக ஓடி ஓய்வதைப் பார்ப்பதும் சிக்கனம் ஆகாது.

மாற்றும்போது கூடவே வருபவை

பழைய ஏசியில் ஆர்-22 வாயு இருந்தால், அது ஓசோன் படலத்தைச் சிதைப்பது என்பதால் 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து படிப்படியாகக் கைவிடப்பட்டு வருகிறது. புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-32. இதன் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல். ஓரளவு தீப்பற்றவும் கூடியது. எனவே சுவருக்குள் இருக்கும் பழைய செம்புக் குழாயை அப்படியே பயன்படுத்தும் "மிச்சத்தை" ஏற்கக் கூடாது. புதுக் குழாய் போட்டு, வெற்றிடமாக்கிய பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். மின்கம்பியும் ஏசியின் தேவைக்கு ஏற்ற தடிமனில், தனி சுவிட்சு உடைப்பானோடு, நில இணைப்போடு இருக்க வேண்டும். பழைய வீட்டுப் பிளக்கில் சொருகி ஓட்டுவது ஆபத்து.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று வெளி அலகின் தகடுகளை அரித்துவிடும். அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குவதோடு, கடலைப் பார்த்த சுவரைத் தவிர்த்து எதிர்ச்சுவரில் மாட்டலாம். எந்த ஊரானாலும் வெளி அலகை அடைத்த பால்கனிக்குள் வைக்கக் கூடாது. தான் விட்ட வெந்த காற்றையே அது திரும்ப இழுத்து, 45 டிகிரியில் வேலை செய்வது போலத் தவிக்கும்.

பொருத்திய பின் பார்க்க வேண்டியவை

அளவு சரியா என்பதை வீட்டிலிருந்தே அறியலாம். சில நூறு ரூபாயில் கிடைக்கும், வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் காட்டும் சிறு கருவி ஒன்றை ஏசிக் காற்று நேரே படாத இடத்தில் வைக்க வேண்டும். வெப்பநிலை 26-இல் நிற்க, ஈரப்பதம் 60-க்குள் இருந்தால் நல்லது. வெப்பநிலை விரைவாக இறங்கியும் ஈரப்பதம் 70-ஐ விட்டு அசையவில்லை என்றால் ஏசி அறைக்குப் பெரிது. அப்போது விசிறியின் வேகத்தைக் குறைத்து வைப்பதும், ஈரம் நீக்கும் 'டிரை' முறையில் ஓட்டுவதும் ஓரளவு கைகொடுக்கும். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து இறக்காமல் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பார்த்து உடம்புக்கு இதமான இடத்தில் நிறுத்தலாம்.

கருவி இல்லாதவர்கள் வடிகுழாயின் கீழ் ஒரு வாளியை வைக்கலாம். ஐப்பசி இரவில் மேலே சொன்ன அறையில் ஏசி ஒழுங்காக ஈரத்தை எடுத்தால், மணிக்கு அரை லிட்டர் வீதம், விடியும்போது வாளியில் ஏறத்தாழ நான்கு லிட்டர் நீர் இருக்க வேண்டும். அது குடிக்க ஆகாது. துளசி மாடத்துக்கோ பூந்தொட்டிக்கோ ஊற்றலாம்.